எழுபத்து மூன்று கட்டை

முதலில் எடை.
ஒலியைப் பற்றி அப்புறம் பேசலாம்.
வூச் நகரத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்
நாலாம் மாடிக்காரி நான்.
கடையில் எண்பத்தெட்டுக் கட்டைக்காரனைத் தொட்டதும்
விரல் சொக்கிப்போனது.
இருபத்திரண்டு கிலோ என்று விற்பனைப் பையன் சொன்னதும்
முதுகு எழுந்து வெளியே நடந்தது.
எழுபத்து மூன்று போதும்.
வலது கோடியின் அந்தக் கடைசிச் சிணுங்கல்களை
எங்கள் குழுவில் யாரும் கேட்டதும் இல்லை,
கேளாமல் வருந்தியதும் இல்லை.

புதியது மூன்று மாதச் சம்பளம்.
பழையதை விற்பவர்களோ
'வீட்டில் மட்டும் வாசித்தது' என்பார்கள்.
கவிழ்த்துப் பார்த்தால்
ஏழு ஊர் விடுதிகளின் ஒட்டுச்சீட்டு.

பியோத்ர்குவில் தெயோஃபில் மட்டும் பொய் சொல்லவில்லை.
பதினாறு வருடம் கல்யாணங்களுக்கு வாசித்தவர்,
இப்போது தேனீ வளர்க்கிறார்.
ரொட்டித்தூளைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு
சமையல் மேசையில் அதைக் கிடத்தினார்.
'நடுவிலுள்ள எஃப் கத்தும்.
மேலே ஒரு கட்டைக்கு மூக்கு உடைந்திருக்கிறது.
என் மச்சான், ஒரு வோட்கா பாட்டில். கேட்காதீர்கள்.'
கேட்கவில்லை.
இருநூறு ஸ்லாட்டி குறைத்தார்.
இன்னும் ஐம்பது என்றேன்.
ஐம்பதுக்குப் பதில் ஒரு குப்பித் தேன் கொடுத்தார்.

ரயிலில் இரண்டு இருக்கையில் அதைப் படுக்கவைத்து
போர்வை போர்த்தியிருந்தேன்.
டிக்கெட் பார்க்க வந்தவள்
'இவருக்கு உடம்பு சரியில்லையா?' என்றாள்.
ஆமாம் என்றேன். தொண்டை.

ஞாயிற்றுக்கிழமை வயிற்றைத் திறந்தேன்.
முட்டை அட்டையின் குழிகளில் திருகாணிகள்.
உள்ளே
மணமக்கள் மேல் வீசிய அரிசி, ஒரு கைப்பிடி.
இரண்டு கிரோஷ் காசு.
யாருடைய உடையிலிருந்தோ உதிர்ந்த நீல ஜிகினா.

ஒவ்வொரு கட்டைக்கும் அடியில்
ரப்பர் குமிழில் இரண்டு கரும்புள்ளி.
ஒன்று முதலில் தொடும், மற்றது பிறகு.
இடையில் நழுவும் அந்த நொடித் துணுக்கை அளந்துதான்
முணுமுணுப்பா முழக்கமா என்று முடிவு செய்கிறது.
என் கோபம் அதற்குத் தெரியாது,
என் அவசரம் மட்டும் தெரியும்.
எஃப்பின் முதற்புள்ளியில் ஒட்டியிருந்தது
பழைய பீட்ரூட் சூப்பா, ஒயினா,
எந்தக் கல்யாணத்தின் எந்தப் பந்தியோ.
சாராயம் நனைத்த பஞ்சால் துடைத்தேன்.
பதினாறு வருடக் கூச்சல் அடங்கியது.

பகலில் நான் பல் செய்கிறவள்.
மூன்று மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள்,
வாய் பார்க்காமலே கடைவாய் கட்டுவேன்.
அதனால் மூக்குடைந்த கட்டைக்கு
திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு வேளையில்
ஒரு கிரீடம் வார்த்தேன், பல்செட் அக்ரிலிக்கில்.
நிறம் பார்க்கும் சீப்பை அருகே பிடித்தால்
மனிதப் பல் எதுவும் அவ்வளவு வெள்ளை இல்லை.
இருப்பதில் வெளுத்ததை எடுத்தேன்.
அப்படியும்
காபி குடிப்பவள் ஒருத்தி
வரிசையில் நின்று சிரிப்பதுபோல் இருக்கிறது.

பக்கவாட்டு பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு
உடைந்த கட்டில் பலகையில் இரண்டு கன்னம் அறுத்தேன்.
தேவையே இல்லை.
எடை கூடியதுதான் மிச்சம், அறுநூறு கிராம்.
முதலில் எடை என்றவளும் நான்தான்.

சனிக்கிழமை, டிராம் தொழிலாளர் மன்றத்தில்
விளக்கை அணைத்து நீலம் மட்டும் வைத்தார்கள்.
என் கைகளே எனக்குத் தெரியவில்லை.
அந்தப் பல் தெரிந்தது, விரலுக்கு:
மற்றவை வழுக்கும், இது லேசாகப் பிடிக்கும்.
அதை வைத்தே இருட்டில் வழி கண்டேன்.
இடைவேளையில் பேஸ் வாசிக்கும் ராடோமிர் கேட்டான்:
'புதுசா?'
'பாதி.'

இரவு இரண்டு மணி. மூன்றாம் மாடித் திருப்பம்.
சுவரில் இடிக்காமல் அதை நிமிர்த்தும்போது
உள்ளே ஏதோ கடகடவென்று
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது.
முப்பத்தொன்று கழற்றினேன்,
முப்பது மாட்டினேன்.
தெரியும், எனக்கு அப்போதே தெரியும்.
திரும்பவும் திறக்க வேண்டும்.
படியில் உட்கார்ந்து,
மடியில் அதைச் சாய்த்து
இன்னொரு தடவை உருட்டிக் கேட்டேன்.