சீனி

பெயர் வைத்தபோது வருத்தம் இருக்கவில்லை.
வெள்ளையாய் இருந்தான், வைத்தோம்.
இப்போது பிரிட்ஜின் கதவுத் தட்டில்
மாமியின் இன்சுலினுக்குப் பக்கத்தில் இவனுடையது.
மாமிக்கு மருந்து கேட்கிறது.
இவனுக்குக் கூட்டிக் கூட்டிப் போட்டும் கேட்கவில்லை.

பத்து வயதுப் பூனை வளர்கிறது.
பாதம் அகன்று, தாடை முன்தள்ளி,
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே வெளி விழுந்து.
"என்னகா ஹஸ்மியா, என்னத்தைத் தீத்துறாய்?
புலியெல்லோ இது!"
சாய்ந்தமருதுச் சந்தையில் மீன் வெட்டும் அலியார்
சூரைத் தலையொன்று சும்மா போட்டார்.
வாங்கிக்கொண்டேன்.

மண்டைக்கு அடியில் கபச்சுரப்பி,
அதில் மிளகளவு கட்டியாக இருக்கலாம் என்றார் டொக்டர் நஸ்லி.
வளர், வளர் என்று
உடம்புக்கு ஓயாமல் கட்டளை போகிறதாம்.
நிச்சயமாய்ச் சொல்ல, படம் எடுக்க,
பேராதனைக்குப் போக வேண்டும்.
வேன் காசை மனதுக்குள் எண்ணிப் பார்த்து
ஊசியின் அளவை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

நோன்பு பதினேழு. அசர் தாண்டிய வெயில்.
நாலாம் தரமும் கிண்ணத்தை நக்கி முடித்து
அகன்ற முகத்தால் என்னைப் பார்க்கிறான்.
ஒட்டிய நாக்கோடு
குழாயைத் திறக்கிறேன்.
எனக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம்.
அவன் தாகத்துக்கு
எந்தப் பள்ளியிலும் பாங்கு இல்லை.