வெப்பமானி

எழுமுன், வாய் திறந்து பேசுமுன்
நாக்கடியில் ஐந்து நிமிடம்.
மூஞ்சிக்கல்லில் மேகம் இன்னும் கலையவில்லை.
அமல்தாஸ் டார்ச் அடிக்க
கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கிறேன்.

பங்குக் கூட்டத்தில் சிஸ்டர் சொன்னது எளிது:
கோடு ஏறினால் மூன்று நாள் பொறு,
பிறகு பயமில்லை.
சளிக்காய்ச்சலிலும் ஏறும் என்பதைச்
சின்னவன் பிறந்து சொன்னான்.

மருந்துக்கடை ஜெரால்டு
ஞாயிறு பூசையில் ஆர்மோனியம் வாசிப்பவன்.
அவனிடம் எப்படிக் கேட்க?
வத்தலக்குண்டில் இறங்கி
இவர் வாங்கி வந்த பொட்டலம்
பிரிக்காமல் கிடக்கிறது
ஜீப்பின் டூல் பாக்ஸில், ஸ்பேனருக்கு அடியில்.

"பாவமா?" என்றேன்.
"தெரியல. குளிருது" என்றார்.

இன்றைய புள்ளி
நேற்றையதைவிடச் சற்று மேலே.
காய்ச்சலா என்று
நெற்றியில் புறங்கை வைத்துப் பார்க்கிறார்.
வைத்த கையை எடுக்கவில்லை.