சொன்ன சொல்லை அப்படியே எழுதவும்

படிவத்தின் ஆறாவது கட்டம்
அவ்வளவுதான் கேட்கிறது.
அரை அங்குல உயரம்.
அந்தச் சொல்லுக்கு அது போதும்.

இரண்டாவது செட். இருபத்திரண்டு, இருபத்து மூன்று.
நவம்பர்ப் புகை விளக்குக் கம்பத்தின்
பாதிவரை இறங்கியிருந்தது.
முதல் செட்டை இழந்திருந்த ராவி விடுதிக்காக
அறிவுக்கரசு எம்பி அடித்தான்.
பந்து அந்தப் பக்கம் தரையைத் தொடுமுன்
வலை அசைந்ததைப் பார்த்தேன்.
ஊதினேன்.
எதிரணிக்கு இருபத்து நான்கு.

வலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
இங்கே யாருக்கும் விளங்காது என்ற நிம்மதியில்
அதைச் சொன்னான்.

தருமபுரியிலிருந்து இரண்டு இரவு
ரயிலில் வந்த சொல்.
எனக்கு அது புதிதில்லை.
திரிலோக்புரியில் தண்ணீர் லாரி வரும் நாளில்
குடம் நிறைவதற்கு முன்பே கிடைத்துவிடும்,
வயது வித்தியாசம் இல்லாமல்.
அம்மாவில் தொடங்கும்.
எங்கே முடியும் என்பது
சொல்பவர் மூச்சைப் பொறுத்தது.

ஆட்டத்துக்கு நூற்றைம்பது ரூபாய் எனக்கு.
விசில் என்னுடையது, சட்டை அவர்களுடையது.
முதுகில் இந்தியில் ரெஃப்ரி என்று போட்டிருக்கும்,
பேர் இருக்காது, ஊர் இருக்காது.
அவன் என்ன செய்வான்.

சிவப்பு அட்டைக்கு ஒரு புள்ளி.
இருபத்தைந்து.
ஆட்டம் முடிந்தது.

மைதானத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.
"தும்மினான் மேடம்" என்றான் அவர்கள் கேப்டன்.
"அவங்க சாமி பேர் அது" என்றான் இன்னொருவன்.

வியாழக்கிழமை விசாரணை.
டிம்ரி சார் ஹீட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு
மொழிபெயர்க்கச் சொன்னார்.
இந்தியில் சொல்லிப் பார்த்தேன்.
இந்தியில் அது, சில்லறை இல்லாதவனிடம்
பேருந்து நடத்துநர் தினமும் சொல்வது.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
ஏதோ நோயின் பெயர்போல் ஒலித்தது.
"இவ்வளவுதானா?" என்றார்.

அவன் மட்டும் தலை தூக்கவில்லை.
அந்தச் சொல் முழுதாகப் புரிந்தவர்கள்
அந்த அறையில் இரண்டே பேர்.
இரண்டு பேர் கொண்ட ஓர் ஊர்
மேசைக்கு முன் குனிந்து நின்றது.

"நீங்க தமிழா?" என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
இன்னொரு முறை அட்டையைக் காட்டியிருப்பேன்.

இரண்டு ஆட்டம் தடை.
நூறு வார்த்தைக்குக் குறையாமல் மன்னிப்புக் கடிதம்.
பெண்கள் ஆட்டங்களுக்கு
ஸ்கோர் மேசையில் உட்கார வேண்டும்.
சரியான தண்டனைதான்.

ஆனால் முந்தின இரவே
பிரியம்வதா தன் போனில் காட்டிவிட்டாள்.
வலையை அசைத்தது அவன் கை இல்லை.
தடுக்க எழுந்த பியாஸ் விடுதிப் பையனின் முழங்கை.
ஓட்டி, நிறுத்தி, விரலால் பெரிதாக்கி
மூன்று முறை பார்த்தேன்.
படம் முழுக்கப் புகை.
புகைக்குள் முழங்கை.

நடுவர் பிழைக்குப் படிவத்தில் இடமில்லை.
ஏழாவது கட்டம் கையொப்பம்.
மேல் மூலையில், வெறும் ஓரத்தில் எழுதினேன்:
சொல் அவனுடையது. விசில் தவறு.
டிம்ரி சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
"இதை யார் கேட்டது?" என்றபடி
ஸ்டேப்ளரை அதன்மேலேயே வைத்து அழுத்தினார்.

திங்கட்கிழமை
மஃப்ளருக்குள் மூக்கைப் புதைத்து
ஸ்கோர் மேசையில் அவன்.
குளிரில் எண் அட்டைகள் ஒட்டிக்கொண்டு
இரண்டிரண்டாகப் புரண்டன.
தன்னை மறந்து தமிழில் எண்ணிக்கொண்டிருந்தான்.
கோட்டருகே விழுந்த பந்துக்கு
நான் கை காட்டுமுன்னே
"ஒன்பது" என்றான்.

"எட்டு" என்றேன்.
அவனிடம் நான் தமிழில் பேசிய முதல் சொல்.

கோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
வாய் திறந்தது,
கொஞ்சம் வெண்ணிற ஆவி வந்தது,
மூடிக்கொண்டது.
அட்டையைப் பின்னால் புரட்டினான்.