அறுபது

சபனெல் தெரு, பழைய தையல் ஆலை, ஆறாம் மாடி.
பலகை இடுக்குகளில் இன்னும் ஊசி கிடக்கும்.
செல்லோவின் கால்முள்ளை ஊன்ற இடம் தேடும்போது
மிரேய் ஒன்றிரண்டைப் பொறுக்கித்
தன் ஸ்வெட்டர் கழுத்தில் குத்திக்கொள்வாள்.

ஏழு பேர். பாடகர் கிடையாது.
மானிய விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள்:
ராக், செவ்வியல். ஒன்றில் மட்டும் குறியிடுக.
துவாரகன் நடுக்கோட்டின் மேலேயே குறியிட்டான்.
திரும்பி வந்தது.

சண்டை வந்தது வேறொன்றால்.
ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும்
யாரும் எதையும் தொடுமுன்னே
அது ஒரு சுரம் பிடிக்கிறதே, அதனால்.
பி-யும் இல்லை, பி-ஃபிளாட்டும் இல்லை,
கதவிடுக்கில் மாட்டிய விரல்.
வயலின் ஓல்ஹாவுக்குக் காது கூர்மை, சாபம் மாதிரி.
அது நிற்கவேண்டும், இல்லை நான் போகிறேன் என்றாள்.
கேபிள் மாற்றினோம். விளக்குகளை அணைத்தோம்.
பஸ்தியான் கிட்டாரோடு தரையில் படுத்து
ஒயர் ஒயராக முகர்ந்துகூடப் பார்த்தான்.

பனி ஜன்னலை அடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை
சலித்துப்போய் என் வியோலாவின் தடித்த தந்தியை இளக்கினேன்.
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
அந்த இரைச்சலில் போய் அது உட்கார்ந்தது
பல் விழுந்த இடத்தில் நாக்கு போல.
மிரேய் பிரடை திருகும் சத்தம் கேட்டது.
பிறகு துவாரகன்.
கடைசியாக ஓல்ஹா,
கஷாயம் குடிப்பவள் முகத்தோடு.

நொடிக்கு அறுபது தரம்
இந்நாட்டுச் சுவர்களுக்குள் மின்சாரம் போய்த் திரும்புகிறது.
ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே
க்ரீ மக்களின் ஆற்றை மறித்த அணையில்
நீர் விழுந்து சுழற்றுவது அது.
அந்த ஆற்றுக்குத்தான் இவ்வளவு நாளும்
வாயைப் பொத்தப் பார்த்திருக்கிறோம்.
நான் பிறந்த ஊரில் அது ஐம்பது.
விமானத்தில் வந்த இரவு
மூன்று அரைச்சுரம் மேலே ஏறியிருக்கிறேன்,
குடிவரவு அதிகாரி கேட்கவே இல்லை.

மார்ச்சில் முதல் கச்சேரி, ரஷேல் தெருவில்.
ஒலிப்பொறியாளர் நல்ல பையன். ஓடி வந்து சொன்னான்:
உங்கள் ஆம்ப்பில் ஒரு இரைச்சல், எடுத்துவிட்டேன்.
மேடை கழுவிய தட்டு மாதிரி இருந்தது.
அதற்கு ஏற்றிறக்கி வைத்த தந்திகளோடு
பத்தொன்பது நிமிடம்
இல்லாத ஒருவர் தோளில் சாய்ந்து வாசித்தோம்.
டிரம்ஸ் இரண்டு இடத்தில் வழுக்கியது.

முடிந்தது. கைதட்டல் இன்னும் வரவில்லை.
பார் மூலையில், இருட்டில்,
பீர் குளிர்பெட்டி ஒரு தரம் உதறிக்கொண்டு
ஓடத் தொடங்கியது.
ஓல்ஹா அந்தப் பக்கம் திரும்பினாள்.
இறக்கிய வில்லை மறுபடி எடுத்தாள்.