ஒரு அடி குழாய்

மூணு கொட்டேசன் வந்தது.
ஒண்ணு லெட்டர்பேடில், ஒண்ணு வாட்ஸப்பில்,
ஒண்ணு கல்யாணப் பத்திரிகையின் முதுகில்.

கேட்டது ஒண்ணுதான்:
கொப்பரைக் களத்துக்கு மேலே
முப்பதுக்கு அறுபது தகரக் கூரை.
போன ஐப்பசி, ஒரே ராத்திரி மழையில்
பதினோரு மூட்டை பூஞ்சணம் பூத்தது.
வெள்ளகோவில் ஏலத்தில் அதை மோந்து பார்த்தவன்
மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த குவியலுக்குப் போனான்.

பெருந்துறைக் கம்பெனி படமே அனுப்பியிருந்தது.
செட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் புல்லு,
புல்லு மேலே வெள்ளைக் கார்.
எங்கள் காட்டில் அந்தப் பச்சையை
நான் கண்டதில்லை.
கீழே ஒரே வரி, ஒரே தொகை, ஜிஎஸ்டி தனி.
எதுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
'பேக்கேஜ் மேடம்' என்றது போன்.

நாட்ராயன், வீட்டுக்காரருக்குப் பங்காளி,
சதுரடி இருநூத்தி நாப்பது.
'நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்குங்க அம்மிணி.'
ஆனாலும் பத்திரிகை முதுகில் எழுதினார்:
மூணு இஞ்சுக் குழாய், குழி ரெண்டு அடி.
குழாயின் கனம் மட்டும்
மை தீர்ந்த இடம் போலக் காலியாக இருந்தது.

தாராபுரம் இப்ராகிம் முன்னூத்திப் பத்து.
தொகையைச் சொல்லும் முன்னாடி
'ஆடியில காத்து எந்தப் பக்கமுங்க?' என்றார்.
தூரத்துக் காத்தாடிகளைக் காட்டினேன்,
அதுங்க மூஞ்சி வெச்சிருக்கற பக்கம்.
அந்தப் பக்கம் நடந்து போய்
கடப்பாரையால் ஒரு குத்து.
முழங்கை ஆழத்தில் ணங்குனு ஓடக்கல்.
'குழி மூணரை அடி. கல்லுக்குக் கூலி தனியா வரும்,
இப்பவே சொல்லிப்புடறேன்.'

'ஒண்ணேகால் லட்சம் வித்தியாசம்,
அதென்ன புளியங்கொட்டையா?'
சோத்தைப் பிசைந்தபடி வீட்டுக்காரர்.
புளியங்கொட்டை இல்லைதான்.
அதனால்தான் ரெண்டு பேரிடமும்
ஒரு அடி குழாய் கேட்டனுப்பினேன்.

நாட்ராயன் சிரித்தார். 'சாம்பாருக்கா?'
ஆனால் அனுப்பினார்.

தேங்காய் எடை போடும் தராசில் வைத்தேன்.
நாட்ராயன் துண்டு
ஒரு கிலோ இருநூத்திப் பத்து காட்டியது.
மனசுக்குள் நூறு கூட்டிக்கொண்டேன்.
இப்ராகிம் துண்டு
ஒரு கிலோ தொள்ளாயிரத்து அறுபது.
அதுக்கும் ஒரு நூறு.

ஏன் கூட்டினாய் என்று கேட்க
அங்கே யாரும் இல்லை.
சிவப்பு எண்கள் மட்டும் மின்னிக்கொண்டிருந்தன.

ரெண்டு மில்லிக்கும் மூணு மில்லிக்கும் நடுவே
ஒரு ஆடி மாசம் முழுக்க நுழைந்து போகும்.
போன வருசம் சேனாபதிபாளையத்தில்
நாட்ராயன் போட்ட கோழிச் செட்டின் தகரம்
ஊர் தாண்டி ஒரு வேலாமரத்தில் மாட்டிக் கிடந்தது.
கழற்றி வந்து திரும்ப அடித்துக் கொடுத்தார்,
அதையும் சொல்லணும். கூலி வாங்கவில்லை.

இப்ராகிமிடம் முன்னூறுக்குக் கேட்டேன்.
முன்னூத்தி அஞ்சு என்றார்.
அந்த அஞ்சு ரூபாய் பற்ற வைக்கிற பையனின்
கண்ணாடிக்கும் கயிறுக்கும் என்றார்.
நெசமோ, பேரத்துக்கோ.
நெசமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
கனம், குழி, கல்லுக் கூலி
எல்லாம் தாளில் ஏறியது,
கடைசியில் என் கையெழுத்தும்.

அட்வான்ஸை எண்ணி முடித்தவர்
தராசைப் பார்த்தார். துண்டுக் குழாய்
இன்னும் அதன்மேலே கிடந்தது.
சிவப்பில் ஒண்ணு தொள்ளாயிரத்து அறுபது.
தன் குழாயின் எடை அவருக்குத் தெரியாமலா இருக்கும்?
'சீல் எப்ப வெச்சதுங்க?' என்றார்,
காத்தைக் கேட்ட அதே குரலில்.

ஒண்ணும் சொல்லத் தோன்றவில்லை.
குழாயை எடுத்தேன்.
தராசு பூச்சியத்துக்குப் போனது,
நல்ல பிள்ளை மாதிரி.

வெளியே செல்லாத்தா வந்து நின்றாள்,
மொபெட்டில் ரெண்டு மூட்டை உரித்த தேங்காயோடு.
'எடை போட்டுருங்கக்கா, நேரமாச்சு.'