காப்பு

பாட்டுக்கு முன்னால் வைப்பது காப்பு.
நான் பின்னால் வைக்கிறவள்,
மாதக் கடைசியில்.
அதுவும் பெப்ரவரியோடு சரி.

உப்புவெளியில் இரும்பு நெடுநாள் இராது.
சன்னல் கொளுக்கி போனது, சைக்கிள் ரிம் போனது,
அடுத்து, மேசைக்குக் கீழே
ஈரக் காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்த பெட்டி.
ஏப்ரல் பதினேழு, கரண்ட் போய் வந்த இரவு:
டிக். கர்ர். டிக்.
பல்லி ஏதோ சொல்கிறது என்றுதான்
முதலில் நினைத்தேன்.

என்.சி. வீதிக் கடையில் அர்ஸாத்
ஹார்ட் டிஸ்க்கைக் காதோரம் ஆட்டிப் பார்த்தான்,
தேங்காய் வாங்குகிறவன் மாதிரி.
வாசலில் ஒரு புள்ளிமான்
மொனிட்டர் வந்த காட்போட் பெட்டியை
அவசரமில்லாமல் மென்றுகொண்டு நின்றது.
"இது முடிஞ்சிட்டு அக்கா. பெக்கப் இரிக்கா?"
இருக்கு என்றேன்.
எந்தத் திகதி என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

கைக் காப்பு இரண்டும் வங்கியில், அடகில்.
மற்றக் காப்பு மச்சாள் வீட்டில்,
அன்புவழிபுரத்தில், பால்மா டின்னுக்குள்,
சப்பாத்துப் பெட்டிகளில் சேர்த்த
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மூன்றோடு.
எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்காதே என்று
கடல் ஒருதரம் உள்ளே வந்துபோன ஊரில்
யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

புதியதைப் பூட்டி, வயரைச் செருகி,
மீட்டெடு என்பதை அமத்தினேன்.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் கோப்புகள்.
இரண்டு மணித்தியாலம் என்றது.
பிறகு ஒன்பது நிமிடம் என்றது.
பிறகு பதினான்கு மணித்தியாலம்.
சீனக்குடா மில்லில் இரவு வேலை முடித்து
"இந்தா வாறன்" என்கிற தயாபரன்கூட
இவ்வளவு துணிந்து சொன்னதில்லை.

வந்தன.
பூப்புனித நீராட்டு, முப்பத்தோராம் நாள்,
புதுக் கடைத் திறப்பு, மூன்று பிறப்புச் சாட்சிப் பத்திரம்,
ஒருவரையொருவர் தெரியாதவர்கள்
ஒரே பஸ்ஸால் இறங்குவதுபோல.
நான் பார்த்துப் பார்த்து அழித்தவையும் இறங்கின.
நிரப்பி அனுப்பாமல் விட்ட கனடாப் படிவம்.
காணி விசயமாய் அண்ணனுக்கு எழுதிய நாலு பக்கம்.
மார்ச் முடிவில் அவனே வந்து
மீன் குழம்பு இரண்டாம் தரம் கேட்டுச் சாப்பிட்டுப் போனான்;
அன்றிரவே அதை அழித்தேன்.
அந்த அமளியில்தான்
மார்ச் மாதக் காப்பும் தவறியது.
பெப்ரவரிக்கு
நாங்கள் கதைக்கத் தொடங்கியது தெரியாது.

வராதது ஏழு கிழமை.
அதற்குள் என்னென்ன என்று கேட்டால்
சொல்லத் தெரியவில்லை.
எழுதிவைத்த பட்டியலும் அதற்குள்தான்.

சனிக்கிழமை நிரோஜினி வந்தாள்,
அழைப்பிதழில் பிழை பார்க்க.
பெயரைத் தேடித் திறந்தேன்,
திறந்தது பெப்ரவரி.
திருநிறைச்செல்வன் என்பதற்குக் கீழே
பழைய மாப்பிள்ளை,
தகப்பன் பெயரோடு, மட்டக்களப்பு முகவரியோடு,
ஒன்றும் நடக்காதவன்போல நின்றான்.

மூடக் கை போவதற்குள் பார்த்துவிட்டாள்.
ஃபேன் ஒருதரம் கழுத்தைத் திருப்பி
மறுபடி எங்களிடம் வந்தது.
"இந்த எழுத்துத்தான் அக்கா வடிவு.
மற்றதில இவ்வளவு வடிவில்லை.
பேரை மட்டும் மாத்துங்கோ."

மாற்றினேன்.
பெயர், தகப்பன், ஊர், நாள், நட்சத்திரம்.
சேமிக்கப் போனால் கேட்கிறது:
இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே உள்ளது.
அதை அகற்றவா? இரண்டையும் வைக்கவா?
அவள் கைப்பைக்குள்
வெகுநேரம் சில்லறை தேடினாள்.
வைத்தேன்.
நிரோஜினி கல்யாணம் 2 என்று
கொம்பியூட்டர் தானாகவே பெயர் போட்டுக்கொண்டது.

இரவு புதுக் காப்பு ஓடும்போது
அண்ணனுக்கு எழுதியதை மறுபடி அழித்தேன்.
அழிக்க முன் வாசித்தேன்.
நல்லாத்தான் எழுதியிருக்கிறேன்.

விடியச் சைக்கிளில் கொண்டுபோக வேண்டும்.
டின்னை மச்சாள் திறக்கமாட்டாள்.
மூடி இறுக்கமாய் இருக்கிறதா என்று மட்டும்
ஒருதரம் அமத்திப் பார்ப்பாள்.