தவறாமல்

டன்லப் தெரு, பிரியாணிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி அச்சகம்.
நான்கு மணிக்கு மழை வந்தது. கூடவே அவரும்.
மகளுக்குக் கல்யாணம், ஈசூனில் மண்டபம்,
முந்நூறு அழைப்பிதழ்,
மஞ்சள் ஓரம், பிள்ளையார் தங்கத்தில்.

வாசகத்தைக் கையால் எழுதி வந்திருந்தார்.
பிழை பார்ப்பது என் வேலை.
‘குடும்பத்துடன் தவராமல் வந்து’
என்ற இடத்தில் பேனா நின்றது.

முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
‘ஆசிரியர் தவராமல் வந்து விளக்கமளிக்கவும்.
இது கடைசி அறிவித்தல்.’
கடை கடையாய் வாங்கிய வரி
எங்கே போனதென்று நாங்கள் எழுதிய மறுநாள்
கந்தோர்க் கதவில், பசை காயாமல்.

சிற்றம்பலநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
சிவப்புப் பேனாவால்
ரகரத்தை வெட்டி றகரம் போட்டார்.
‘தவறு என்ற சொல்லிலேயே தவறு விடுகிற பெடியள்’
என்று சிரித்தார்.
நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் பிந்தி.

அவர் போகவில்லை.
பதினோராம் நாள்
சைக்கிளைப் பூட்டக் குனிந்தபோது
பின்னாலிருந்து சுட்டார்கள்.
சாவி பூட்டிலேயே இருந்தது.
அன்றிரவு கந்தோர் எரிந்தது,
கடிதமும்.

ஆகவே ஒப்பிட என்னிடம் எதுவுமில்லை.
ரகரம் றகரம் குழம்புகிறவர்கள்
இந்தத் தீவிலேயே ஆயிரம் பேர் இருப்பார்கள்.
ழகரத்தின் வாலை இப்படிச் சுழற்றி
அடுத்த எழுத்தை மூடுகிறவர்களும்
இருக்கலாம்.

அறுபது வயதிருக்கும்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர்.
மகளின் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று
இரண்டு தரம் பார்த்தார்.

ரகரத்தை வெட்டினேன்.
றகரம் போட்டேன்.
தாளை அவர் பக்கம் திருப்பினேன்.
வெகுநேரம் பார்த்தார், அல்லது
எனக்கு அப்படி இருந்தது.
‘நல்ல காலம். அச்சில போயிருந்தா வெட்கக்கேடு.’
பிறகு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி,
‘முந்தி பேப்பரில இருந்தனீங்களோ?’

பத்தொன்பது வருடமாய்
சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை.
‘இல்லை’ என்றேன்.
முன்பணம் நாற்பது வெள்ளி வாங்கினேன்.
சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள் என்றேன்.

‘தவறாமல் வாறன்.’

சொல்லும்போது பிழை இல்லை.

படியில் அவர் இறங்கும் ஓசை, ஒவ்வொரு காலாக.
கதவோரம் குடை நிற்கிறது,
என் தரையில் நீர் வடித்தபடி.
மழை இன்னும் விடவில்லை.
பாதித் தெருவில் நினைவு வரும் அவருக்கு.